மோட்டாரைத் திட்டுமுன் மீட்டரைக் கேளுங்கள்

கணக்கு ஒத்து வரவில்லை என்றால் உடனே காசாளரைத் திருடன் என்று சொல்லக் கூடாது. முதலில் பேரேட்டை மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் சரி என்று தெரிந்த பிறகுதான் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ண வேண்டும். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம் இது. இதே பாடம் நம் புதுவைக் கடற்கரையில் அவுட்போர்டு மோட்டார் வைத்துப் பிழைக்கும் பிள்ளைகளுக்கும் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பது என் கருத்து.

குமாஸ்தாவுக்கும் படகு மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் இந்த விவகாரத்தில் முக்கால் பங்கு கணக்கு. அதுவும் ஐந்தாம் வகுப்பில் படித்த கணக்கு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையின் முகமே மாறிப்போனது உங்களுக்குத் தெரியும். கட்டுமரங்கள் குறைந்தன, ஃபைபர் படகுகள் வரிசையாக வந்தன, கூடவே மோட்டார்களும் வந்தன. துடுப்பு போட்டவருடைய பேரன் இன்று பெட்ரோல் கணக்கு பார்க்கிறான். சிலர் மீன்பிடிக்கப் போகிறார்கள், சிலர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். யாராக இருந்தாலும் வீட்டில் அதிக விலை கொடுத்து வாங்கிய பொருள் அந்த மோட்டார்தான். அது கெட்டால் அடுப்பு அணைகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 40 குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி ஃபைபர் படகில் மாட்டினான். டாக்கோமீட்டர், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர், புதிதாக வாங்கிப் பொருத்தினான். அவன் மோட்டாருடன் வந்த கையேட்டில், முழு வேகத்தில் 5000 முதல் 6000 சுற்று வரை ஓட வேண்டும் என்று போட்டிருந்தது. மீட்டர் 4500-க்கு மேல் ஏறவில்லை.

"இன்ஜினில் இழுவை இல்லை" என்றார் மெக்கானிக். பிளக் மாற்றினார்கள், ஃபில்டர் மாற்றினார்கள், டேங்கைக் கழுவினார்கள். 4500 அசையவில்லை. பிறகு யாரோ, "புரொப்பெல்லர் பெரிசு, மாத்து" என்றார்கள். 13 இஞ்ச் பிட்ச்சைக் கழற்றி 11 போட்டான். மீட்டர் 4800-ஐத் தாண்டியது. 9 போட்டான், 5150 காட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் படகு வேகம் மணிக்கு 46 கிலோமீட்டரில் இருந்து 36-க்கு இறங்கிவிட்டது. பெட்ரோல் தண்ணீராகச் செலவானது. முழு வேகம் கொடுத்தால் இன்ஜின் விட்டு விட்டு இழுத்தது.

ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "ஐயா, இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும்னு சொல்றாங்க. இன்னும் கடன் வாங்கணும்" என்றான்.

"தம்பி, நீ எழுதி வெச்ச எண் எல்லாத்தையும் ஒரு காகிதத்துல போடு" என்றேன். நல்ல பிள்ளை, ஜி.பி.எஸ். கருவி காட்டிய வேகத்தை ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்திருந்தான். அந்தக் காகிதம்தான் அவனைக் காப்பாற்றியது.

இங்கே கொஞ்சம் பிரெஞ்சு பேச அனுமதி கொடுங்கள். என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறோம். புரொப்பெல்லருக்கு பிரெஞ்சில் எலிஸ் என்று பெயர். திருகு சுருள் என்ற பொருளில் இருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் பிட்ச் என்பதை பிரெஞ்சில் 'பா' என்பார்கள். பா என்றால் காலடி. ஒரு காலடி எடுத்து வைப்பது. எலிஸ் ஒரு முறை சுற்றினால், மரத்தில் திருகாணி இறங்குவது போல, தண்ணீரில் எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பதுதான் அந்தக் காலடி. பிட்ச் 13 என்றால் ஒரு சுற்றுக்கு 13 இஞ்ச், சுமார் 33 சென்டிமீட்டர். டாக்கோமீட்டருக்கு அவர்கள் வைத்த பெயர் கோந்த்தூர், சுற்றை எண்ணுவது. பெயரிலேயே வேலை தெரிகிறது. காலடியின் நீளமும் தெரியும், எத்தனை காலடி என்பதும் தெரியும் என்றால், எவ்வளவு தூரம் நடந்தோம் என்று குழந்தை கூடச் சொல்லும்.

அந்தக் கணக்கைத்தான் போட்டோம். அவன் மோட்டாரில் கியர் விகிதம் 2. இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. மீட்டர் சொன்ன 4500 உண்மை என்றால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2250 சுற்று. ஒரு சுற்றுக்கு 33 சென்டிமீட்டர் வீதம் 742 மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு 44.5 கிலோமீட்டர். இது தண்ணீர் கொஞ்சமும் வழுக்காமல், திருகாணி மரத்தில் ஏறுவது போல ஏறினால் கிடைக்கும் வேகம். தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். லேசான, வேகமாக ஓடும் படகில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வழுக்கலில் போய்விடும். பாரம் ஏற்றி மெதுவாகப் போகும் படகில் இன்னும் அதிகம்.

ஆனால் ஜி.பி.எஸ். காட்டியது 46. காலடிக் கணக்கை விட அதிகம்! நடந்த காலடிகளை விட அதிக தூரம் ஒருவன் எப்படிப் போவான்? நீரோட்டம் தள்ளியிருக்குமோ என்று கேட்டேன். போகும்போதும் வரும்போதும் பார்த்து நடுவாக எடுத்த எண் என்றான். அப்படியானால் பொய் சொல்வது யார்? ஜி.பி.எஸ்.ஸுக்குப் பொய் சொல்லக் காரணமில்லை. புரொப்பெல்லரில் 13 என்று அச்சு பதிந்திருக்கிறது. மீதி இருப்பது மீட்டர் ஒன்றுதான்.

மீட்டர் எப்படி எண்ணுகிறது என்பது பலருக்குத் தெரியாது. அது இன்ஜினின் சுற்றை நேராகப் பார்ப்பதில்லை. மோட்டாரின் தலையில் சுழலும் ஃப்ளைவீலுக்குள் காந்தங்கள் இருக்கின்றன. அவை சுற்றும்போது பேட்டரிக்கு மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரம் துடிப்பு துடிப்பாக வருகிறது. மீட்டர் எண்ணுவது அந்தத் துடிப்பை. காந்த துருவம் 12 இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு, 10 இருந்தால் 5, 4 இருந்தால் 2. மோட்டாருக்கு மோட்டார் இது வேறுபடும். எல்லா மோட்டாருக்கும் ஒரே மீட்டரை விற்க வேண்டும் என்பதால், பல மீட்டர்களின் முதுகில் ஒரு சின்னத் திருகுக் குமிழ் வைத்திருப்பார்கள். 4, 6, 8, 10, 12 என்று எண்கள் போட்டிருக்கும். நம் மோட்டாருக்கு உரிய எண்ணில் அதை வைக்க வேண்டும்.

மறுநாள் மீட்டரைக் கழற்றிப் பார்த்தான். குமிழ் 12-ல் நின்றது. மோட்டார் புத்தகத்தில் 10 துருவம் என்று இருந்தது. கடையில் இருந்து வந்தபடியே மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இனி ரெகுல் த த்ருவா, மூன்று எண் தெரிந்தால் நாலாவதைக் கண்டுபிடிக்கும் விதி. நம் பள்ளியில் பிரம்போடு சொல்லிக் கொடுத்தது. மீட்டர் காட்டும் எண்ணை 12-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்க வேண்டும். 4500 என்று காட்டியபோது உண்மையில் 5400. புத்தகம் கேட்ட இடத்தில் மிகச் சரியாக நின்றது! அந்த 5400-ஐக் காலடிக் கணக்கில் போட்டால் 53.5 கிலோமீட்டர். படகு போனது 46. வழுக்கல் ஏறத்தாழ 14 சதவீதம். கணக்கு நேராகிவிட்டது.

இப்போது மற்றவையும் விளங்கின. 11 பிட்ச் போட்டபோது இன்ஜின் 5800 சுற்றியது. 9 போட்டபோது 6200. உச்ச எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டினால் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இந்தக் காலத்து மோட்டார்களில் இருக்கிறது. விட்டு விட்டு இழுத்தது அந்தத் தடுப்புதான். நோய் இல்லாத உடம்புக்கு மருந்து கொடுத்து, மருந்தினால் வந்த உபத்திரவத்துக்கு ஆபரேஷன் செய்யப் பார்த்திருக்கிறார்கள். பழைய 13 பிட்ச்சையே மாட்டினான். ஆட்களை ஏற்றிக்கொண்டு முழு வேகம் கொடுத்தபோது, திருத்திய மீட்டர் 5050 காட்டியது. இன்ஜினைப் பிரிக்கவில்லை. ஆனால் வாங்கிய இரண்டு புரொப்பெல்லருக்கும், மாற்றிய சாமான்களுக்கும், ஓட்டாமல் இழந்த நாட்களுக்கும் பணம் போனது போனதுதான்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் கண்ணுக்கு எதிரே இருந்த எண்ணை நம்பினார். எண்ணுக்கு அவ்வளவு மரியாதை. வாயால் சொன்னால் சந்தேகப்படுகிற நாம், முள் காட்டினால் கேள்வி கேட்பதில்லை.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. இந்தப் பையனுடைய மீட்டர் குறைவாகக் காட்டியதால் அவன் பயந்தான், விசாரித்தான், தப்பித்தான். மீட்டர் அதிகமாகக் காட்டினால்? 12 துருவ மோட்டாருக்குக் குமிழை 10-ல் வைத்தால், 4500 சுற்றும் இன்ஜின் 5400 என்று காட்டும். எல்லாம் சுகம் என்று நினைப்போம். ஆனால் இன்ஜின் தாங்க முடியாத பாரத்தோடு முக்கிக்கொண்டு ஓடுகிறது. மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாட்டைப் போல. உள்ளே சூடு ஏறும், கரி படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும், ஒருநாள் பிஸ்டன் போகும். கரையில் நின்றால் செலவோடு போகும். கடலில் நின்றால்? தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடைவதை நாம் பார்க்காதவர்களா? அந்த இடத்தில் படகுக்கு இழுவை இல்லை என்றால், அலை அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பிறகு பேச்சு பணத்தைப் பற்றி இருக்காது.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய வரிசை இது.

முதலில் மீட்டர். குமிழ் எந்த எண்ணில் இருக்கிறது, மோட்டார் புத்தகம் என்ன சொல்கிறது என்று ஒப்பிட வேண்டும். உப்புக் காற்றில் அந்தக் குமிழின் உள்ளே பாசம் பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை இப்படியும் அப்படியும் திருப்பி, சரியான இடத்தில் நிறுத்தினாலே சில மீட்டர்கள் திருந்திவிடும். முள் துள்ளினால், திடீரென்று விழுந்தால், எர்த் ஒயரையும் பேட்டரி முனைகளையும் சுத்தம் செய்து முறுக்க வேண்டும். அப்படியும் துள்ளினால், மோட்டாரின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் ரெக்டிஃபையர் பழுதாகி இருக்கலாம்.

இரண்டாவது, வேறொரு சாட்சி. பிளக் ஒயரில் சுற்றிப் படிக்கும் கையடக்க மீட்டர்கள் கிடைக்கின்றன. மீட்டரே இல்லாத சின்ன மோட்டார்களுக்கும் அது உதவும். ஆனால் பிளக் எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை பொறி விடுகிறது என்பதற்கு ஏற்ப அதையும் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியோ இரண்டு மடங்கோ காட்டும். கருவி இல்லாதவர்களுக்கு, மேலே சொன்ன ஜி.பி.எஸ். காலடிக் கணக்கு இருக்கிறது. அதற்குச் செலவு ஒரு காகிதம்.

மூன்றாவது, புரொப்பெல்லர் நன்றாக இருக்கிறதா, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. இலை ஓரம் மடங்கியிருந்தால் அதிரும், வேகம் குறையும். கண்டெடுத்த வலை நூலோ தூண்டில் நரம்போ உள்ளே சுற்றியிருந்தால் ஆயில் சீலை அறுக்கும், கியர் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் போகும். மாட்டும்போது புரொப்பெல்லருக்கு முன்னால் போட வேண்டிய திரஸ்ட் வாஷரை மறந்தால் அது கியர் பெட்டியில் உரசும். நட்டை முறுக்கிய பிறகு பின் போட மறக்கவே கூடாது. பல புரொப்பெல்லர்களின் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. அது விட்டுப்போனால் இன்ஜின் கத்தும், படகு நகராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: நடுக்குழாயையும் வெளி உடம்பையும் சேர்த்து ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓட்டிவிட்டு வந்த பிறகு கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ரப்பர் வழுக்குகிறது என்று பொருள். மோட்டாரை மிக உயரத்தில் மாட்டினாலும் புரொப்பெல்லர் காற்றை இழுத்துச் சுற்று எகிறும். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு படகின் அடிமட்டத்துக்கு ஏறத்தாழ நேராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரி என்ற பிறகுதான் பிட்ச் மாற்றும் பேச்சு. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு முழு வேகம் கொடுத்துப் பார்க்க வேண்டும், காலிப் படகில் அல்ல. சுற்று குறைந்தால் பிட்ச்சைக் குறைக்க வேண்டும், மிஞ்சினால் கூட்ட வேண்டும். ஒரு இஞ்ச் மாற்றினால் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும். 5000 முதல் 6000 வரை கேட்கும் மோட்டார் 4700-ல் நின்றால், இரண்டு இஞ்ச் குறைத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு நாலு இஞ்ச் குறைக்க வேண்டியதில்லை. மீன்பிடிப் படகு போகும்போது காலியாகப் போகும், வரும்போது நனைந்த வலையும் மீனுமாக வரும். பாரத்தோடு வரும் நேரத்துக்குத்தான் புரொப்பெல்லர் பொருந்த வேண்டும். காலியாகப் போகும்போது கையைக் கொஞ்சம் அடக்கி ஓட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக அரசாங்கத்துக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மானியத்திலோ கடனிலோ மோட்டார் கொடுக்கும்போது காகிதங்களுக்குக் குறைவில்லை. மோட்டார் எண், விலைப்பட்டியல், படகுப் பதிவு, ஆதார், புகைப்படம். மோட்டாருக்குச் சொந்தக்காரர் யார் என்பது அவற்றில் தெளிவாகத் தெரியும். அந்த மோட்டார் அந்தப் படகுக்குப் பொருந்தியதா என்பது தெரியாது. சட்டையை அளவெடுக்காமல் தைத்துக் கொடுத்துவிட்டு, ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வது போல. மோட்டார் ஒப்படைக்கும் படிவத்தில் நான்கு கட்டங்களைக் கூட்டினால் போதும்: புரொப்பெல்லரின் விட்டமும் பிட்ச்சும், ஏற்றிய பாரம், முழு வேகத்தில் கண்ட சுற்று, அப்போது ஜி.பி.எஸ். காட்டிய வேகம். ஒரு மணி நேர வேலை. அதில் கையெழுத்துப் போட்ட பிறகு மீதிப் பணம் கொடுக்கலாம். கட்டம் கூடினால் வேலை கூடும் என்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அந்த முணுமுணுப்பு பழக்கமானது, அதனால்தான் நான்கோடு நிறுத்தினேன். ஊருக்கு ஒரு கையடக்க மீட்டரை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கி வைத்தால் இன்னும் நல்லது.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் பலருக்குப் பேரனோ மருமகனோ படகில் இருக்கலாம். அடுத்த முறை அவன், "மோட்டார் சரியில்லை, பணம் வேணும்" என்று வந்தால் மறுக்கவும் வேண்டாம், உடனே கொடுக்கவும் வேண்டாம். "உன் மோட்டாருக்கு எத்தனை துருவம்? மீட்டர் குமிழ் எங்கே நிக்குது? புரொப்பெல்லர் பிட்ச் என்ன? பாரத்தோட எவ்வளவு வேகம் போச்சு?" என்று கேளுங்கள். தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று விழிப்பான். விழிக்கட்டும். பதில் தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்த பிறகும் பணம் தேவைப்பட்டால் தாராளமாகக் கொடுங்கள்.